கிளிஞ்சல் குழியில் சுவர் கேட்ட மகனுக்கு

உன் கடிதம் வந்தது. "அம்மா நலமாக இருப்பாய்" என்று முதல் வரியிலேயே நீயாக முடிவுகட்டி எழுதிவிட்டதால், என் நலத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று. படித்ததை நம்ப முடியாமல் மறுநாள் காலையிலும் உட்கார்ந்து படித்தேன். தை மாதம் உன் பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு மீமிசலுக்கு வருகிறாயாம். நம் கிளிஞ்சல் குழியில், போன வருஷம் அப்பா வெட்டிக்கொடுத்த மாதிரியே ஒரு சுவர் வேண்டுமாம். இரண்டு ஆள் உயரம், நேராக, படி இல்லாமல். அதை வெட்டித் தரும்படி உன் சித்தப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறாயாம். நான் கூடமாட இருந்து பார்த்துக்கொண்டால் போதுமாம். பார்த்துக்கொண்டு இருந்துதானே ஒருவரைப் பறிகொடுத்தேன்.

இந்தக் கடிதத்தை உறைக்குள் போட்டு, ஒட்டாமல் அனுப்புகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி. உன் விடுதியில் இருக்கிற பிள்ளைகள் படிக்கட்டும், உன் பேராசிரியர் கட்டாயம் படிக்கட்டும். மெட்ராஸில் உட்கார்ந்து மண்ணைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாமார் யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும். பேசுவது உன்னோடுதான். ஆனால் நீ மட்டும் படித்தால் மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

அதனால் தெரியாதவர்களுக்காக நம் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அரை மைல் மேற்கே, கருவேல முள் தவிர ஒன்றும் முளைக்காத தரையில், மேல் மண்ணை முழங்கால் ஆழம் எடுத்தால் கிளிஞ்சல் வரும். தண்ணீரே இல்லாத இடத்தில் கடல் கிளிஞ்சல். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கும். ஆண்கள் தோண்டுவார்கள், பெண்கள் சலித்துக் கழுவிக் காயவைப்போம். காளவாயில் கரியோடு அடுக்கிச் சுட்டால் சுண்ணாம்பு. புதுக்கோட்டை வரைக்கும் வீடுகளுக்கு நம் சுண்ணாம்பைத்தான் அடித்தார்கள். இந்தத் தொழிலில் யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. படி வைக்காமல் குழிக்குள் இறங்கக் கூடாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு படி வெட்டி, அதில் நின்றுகொண்டுதான் அடுத்த படி. கிளிஞ்சல் மண்ணுக்குப் பிடிப்பு கிடையாது. குவித்து வைத்த நெல்லு மாதிரி, எப்போது வேண்டுமானாலும் சரியும். அடியில் இருக்கிற கறுப்புக் களியோ ஈரம் பட்டால் வழுக்கும். மழை பெய்தால் மூன்று நாள் ஒருத்தரும் குழிப்பக்கம் போவதில்லை. நம் ஆட்களில் கைப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரியாத ஒரே ஆள் நீ.

உனக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். அதை மறைக்கப் போவதில்லை. புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி முடிந்த வருஷம் உன்னைப் பள்ளியில் சேர்த்தோம். ஊரெல்லாம் ராஜாவைப் பற்றிப் பேச்சு, நம் வீட்டில் உன் சிலேட்டைப் பற்றிப் பேச்சு. அன்றிலிருந்து உன்னைக் குழிக்குள் இறங்க விட்டதில்லை. ஒரு தடவை அப்பா, "அய்யா, வா, ஒரு படி வெட்டிப் பாரு" என்று மண்வெட்டியை நீட்டினார். நான் சல்லடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பிடுங்கினேன். "அவன் கைய எழுதுறதுக்கு வச்சிருக்கேன், நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். மேட்டிலேயே உட்கார்ந்து, நான் சலித்துப் போடுகிற கிளிஞ்சலை ரகம் ரகமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பாய். சுருள் சுருளான ஊரி ஒரு பக்கம், இரட்டை ஓட்டு மட்டி ஒரு பக்கம், பாறையில் ஒட்டுகிற முரட்டுச் சிப்பி ஒரு பக்கம். "ஆத்தா, இதுக்குள்ள இருந்தது எங்க போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். வேலை கெடுகிறதே என்று ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தேன். "பெரிய படிப்புப் படிச்சவங்கக்கிட்டப் போயிக் கேளு போ" என்றேன். போய்விட்டாய்.

கல்லூரியில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தபோது நீ குழிக்கரையில் நின்று அப்பாவுக்குச் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவு இருக்கிறது. படிக்காதவளுக்குக் காதுதான் நோட்டுப் புத்தகம். நம் குழியில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு தட்டு உண்டு என்று அப்பாவுக்கும் தெரியும். அவருக்கு அது சுண்ணாம்புக் கணக்கு. மேல் தட்டு நொறுங்கல், சீக்கிரம் வேகும். இரண்டாவது தட்டு பொடிமட்டி, வெந்தாலும் வெள்ளை பத்தாது. மூன்றாவதுதான் நல்ல தட்டு, பால் மாதிரிச் சுண்ணாம்பு. அடியில் கறுப்புக் களிக்குள் முரட்டுச் சிப்பி, இரண்டு கழுவு கழுவ வேண்டும். நீ கீழிருந்து மேலே போனாய். "அடியில இருக்கிறது ஆத்து வாயிப்பா. அப்ப இங்க ஒரு ஆறு வந்து கடல்ல சேர்ந்திருக்கு. நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலங்கி, சேறும் சகதியுமா கெடந்திருக்கு. அதத் தாங்குறது இந்த முரட்டுச் சிப்பி மட்டுந்தான். அப்புறம் ஆறு வேற பக்கம் போயிருச்சு, கடல் உள்ள வந்துருச்சு. தெளிஞ்ச தண்ணி, அடியில பாசி. அதான் மூணாவது தட்டுல அத்தனை சாதியும் கூடிக் குடியிருக்கு."

"இந்தப் பொடிமட்டி? அது குஞ்சாய்யா?" என்று கேட்டார் அப்பா.

"குஞ்சு இல்லப்பா, கெழடு. கடல் வாயில மணல் அடைச்சு, தண்ணி உள்ளயே நின்னு வத்தி, உப்பளம் மாதிரி ஆயிருச்சு. மத்ததெல்லாம் செத்துப் போச்சு. இது ஒண்ணுதான் தாக்குப்பிடிச்சுச்சு. ஆனா வளரல. வயசாகியும் நகத்தளவுதான்."

அப்பா அந்தப் பொடிமட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப இந்த எடம் நாலு கை மாறியிருக்குன்னு சொல்லு. பட்டா இல்லாமயே" என்றார். நீயும் சிரித்தாய். அப்புறம் நல்ல தட்டிலிருந்து இரண்டு ஓடும் சேர்ந்தே இருக்கிற ஒரு மட்டியை எடுத்துக் காட்டினாய். "ஓடு தனித்தனியா கெடந்தா, அது எங்கயோ செத்து, அலை இழுத்துக்கிட்டு வந்து போட்டது. இப்படி ரெண்டும் சேந்து வாய மூடிக்கிட்டு இருந்தா, கெடந்த எடத்துலயே, உசிரோட இருக்கையில மண்ணு மூடியிருக்கு." அப்பா "அடப் பாவமே" என்றார். நீ அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நின்றாய். நானும்தான். நம் பிள்ளை எதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான் என்று எனக்குக் கண் கலங்கியது. வெட்கமாக இருக்கிறது, இப்போது நினைத்தால்.

போன வருஷம் புரட்டாசியில் வந்தாய். வந்த மறுநாளே சுவர் வேண்டும் என்றாய். நாலு தட்டும் மேலிருந்து அடிவரைக்கும் ஒரே சுவரில் தெரிய வேண்டும், பேராசிரியர் காமிராவோடு வருவார், போட்டோ பிடித்து, அளந்து, ஒவ்வொரு அடிக்கும் கிளிஞ்சல் எடுத்துப் பை போடுவார் என்றாய்.

"படி வச்சுத் தாரேன்யா" என்றார் அப்பா.

"படி வச்சா ஒடஞ்சு ஒடஞ்சு தெரியும்ப்பா. ஒரே நேர்கோடா வேணும். செவரு மாதிரி."

"நேரா வெட்டுறது வழக்கமில்லையே."

"ஒரு நாளைக்குத்தானப்பா. அவரு பாத்துட்டுப் போனதும் இடிச்சு விட்டுருங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் அந்த மண்ணில் கிடந்த மனுஷர். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 'உங்க ஆத்தா வேணாங்குறாய்யா' என்று என் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்திருப்பார். அதற்காகத்தான் பார்த்தார். எனக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டே என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளை மெட்ராசுலருந்து பெரிய மனுசரக் கூட்டிக்கிட்டு வருது. நீங்க படி கிடின்னுக்கிட்டு. வெட்டத் தெரியலன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாக்குறோம்." வெட்டத் தெரியவில்லையா என்று அவரைக் கேட்டேன். உன் முன்னால் கேட்டேன். அதற்கப்புறம் அவர் வெட்டாமல் என்ன செய்வார்?

நீ மெட்ராஸுக்குப் போய்விட்டாய். அவரும் சித்தப்பாவும் எட்டு நாள் வெட்டினார்கள். ஊரே வந்து பார்த்தது. "செத்த ஊரியப் பாக்க மெட்ராசுலருந்து ஆளு வருதாம்ல" என்று கேலி பேசினவர்கள்கூட அந்தச் சுவரைக் கிட்டப்போய்த் தடவிப் பார்த்தார்கள். சுவரைக் கழுவிவைத்தால் தட்டு பளிச்சென்று தெரியும் என்று நீ எழுதியிருந்தாய். அவர் ஈச்சமட்டையை நசுக்கிக் குச்சம் செய்து, மேலிருந்து கீழே தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் சுமந்து கொடுத்தது நான். பதினோரு குடம். கடைசிக் குடத்தை ஊற்றும்போது கறுப்புக் களி மினுமினுவென்று மின்னியது. அழகாக இருக்கிறது என்று நானே சொன்னேன். பேராசிரியர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது, அவருக்குச் சளிக்காய்ச்சல், பத்து நாள் கழித்து வருகிறோம், சுவரை மட்டும் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள் என்று. அப்படியே வைத்திருந்தார். ஐப்பசி மழை யாருக்குக் காய்ச்சல் என்று பார்த்தா வரும்? மூன்றாம் நாள் காலையில் பிடித்துக்கொண்டது. ஒரு பாட்டம் பெய்து விட்டதும் அவர் தென்னங்கீற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "மழை பெஞ்சா போகக்கூடாதுங்க" என்றேன். "தட்டு கரைஞ்சு போச்சுன்னா பிள்ளை மறுபடி வெட்டச் சொல்லும்" என்றார். நானும் ஒரு கட்டுக் கீற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவர் கீழே நின்று சுவரில் கீற்றைச் சார்த்திக்கொண்டிருந்தார். நான் மேலிருந்து ஒவ்வொன்றாக நீட்டினேன். நாலாவது கீற்றை வாங்கக் கையை நீட்டினவர் என்னைப் பார்த்து, "கீத்த விரிச்சு…" என்று என்னவோ சொல்ல வந்தார். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. சாக்கிலிருந்து கிளிஞ்சலைக் கொட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம்தான். என் கையில் கீற்று இருந்தது, கீழே அவர் இல்லை. நான் போட்ட கூப்பாட்டில் உன் சித்தப்பா ஓடிவந்து வெறுங்கையால் தோண்டினார். மண்வெட்டி போட்டால் அண்ணன் மேல் பட்டுவிடும் என்று வெறுங்கையால். கிளிஞ்சல் கிழித்து அவர் விரலெல்லாம் ரத்தம். எடுத்துப் போட்டபோது உன் அப்பாவின் வாய் இறுக மூடியிருந்தது. நீ சொல்லிக்கொடுத்த பாடம், இரண்டு ஓடும் சேர்ந்து வாயை மூடியிருந்தால் என்ன அர்த்தம் என்பது, அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. எந்த வாத்தியாரும் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

நீ வந்தாய், அழுதாய், கொள்ளி வைத்தாய். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்புகிற வழியில் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், உன்னைக் காணவில்லை. தேடிக்கொண்டு வந்தேன். குழிக்குள், சரிந்து கிடந்த மண்மேட்டின் மேல் நீ குந்தியிருந்தாய். அப்பாவை நினைத்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக் கூப்பிட வாயெடுத்தேன். நீ ஒரு கிளிஞ்சலை எடுத்துச் சட்டையில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பைக்குள் போட்டாய். இன்னொன்று எடுத்தாய். சின்ன நோட்டில் என்னவோ எழுதினாய். நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாததற்கு நீ என்னென்னவோ காரணம் நினைத்திருப்பாய். இதுதான் காரணம். அவரைத் தின்ற மண்ணில், அவர் போன மூன்றாம் நாள், உனக்கு எடுத்துக்கொள்வதற்கு ஒன்று இருந்தது.

இப்போது எழுதியிருக்கிறாய், இது அப்பாவின் ஆசை, அதை நிறைவேற்ற வேண்டும் என்று. அவருக்கு அப்படி ஆசை ஒன்றும் இருந்ததில்லை. அவருக்கு இருந்த ஆசை நீ. அச்சாகிற கட்டுரையின் கடைசியில் அப்பா பெயரைப் போடப்போகிறாயாம். இங்கிலீஷில் போடுவாய், அதை நான் தடவிப் பார்க்க வேண்டும். அவர் பெயரைப் போடுகிற பக்கத்தில், அவர் எப்படிச் செத்தார் என்றும் போடுவாயா? படி வைக்கிறேன் என்று அவர் சொன்னதையும் வேண்டாம் என்று நீ சொன்னதையும் போடுவாயா? போடமாட்டாய். ஆயிரம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரி எதனால் செத்தது என்று உன்னால் சொல்ல முடிகிறது. தண்ணீர் கலங்கியது, உப்பு ஏறியது, மணல் அடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருக்கிறாய். உன் அப்பா செத்ததற்கு மட்டும் "அகால மழை" என்று எழுதுகிறாய். ஐப்பசியில் பெய்த மழை எப்படியடா அகால மழை ஆகும்?

நீ அன்றைக்குச் சொன்னாயே, அந்த உயிர்களைத் தண்ணீர்தான் ஆக்கியது என்று. இந்த ஒரு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னை எந்தத் தண்ணீர் இப்படி ஆக்கியது? மெட்ராஸ் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மெட்ராஸுக்குப் போவதற்கு முன்னாலேயே நீ கேட்டது எதற்கும் இந்த வீட்டில் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. நல்ல மீனை உன் தட்டில் வைத்தேன். மண்வெட்டியை உன் கையிலிருந்து பிடுங்கினேன். ஒரு வேலையைச் செய்யச் சொல்லுகிறவன் அதை ஒரு நாளாவது செய்து பார்த்திருக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தரவில்லை. எதிரே நிற்கிறவர் முகத்தைச் சுளிக்காமல், "வழக்கமில்லையே" என்று மெதுவாகச் சொன்னால், அது மரியாதைக்குச் சொல்கிற "வேண்டாம்" என்றும் சொல்லித் தரவில்லை. இனி நீ பெரிய வேலைக்குப் போவாய், எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேரைத் தோண்டச் சொல்வாய். அவர்கள் உனக்கு அப்பா இல்லை, ஆனால் தலையாட்டுவார்கள். தலையாட்டுகிறவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று பார். இதை உனக்கு வாழ்த்தாகச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் இருக்கிற பெண்களுக்காகச் சொல்கிறேன்.

உன் சித்தப்பா காளி சமாச்சாரத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எனக்குச் சொல்லாமல் போன திங்கட்கிழமை வெட்ட ஆரம்பித்துவிட்டார். இடுப்பளவு நேராக இறங்கியும் ஆயிற்று. சேதி சொன்னது உன் சின்னம்மா செல்லம்தான். "அக்கா, அந்த மனுசனுக்குக் காது ரெண்டும் செவிடு. அண்ணன் மகன்னு சொன்னாத்தான் கேக்கும். நீங்களே வந்து என்னன்னு கேளுங்க" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் கேட்கவில்லை. குழிக்குள் இறங்கிச் சுவருக்கு அடியில், அதில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்துகொண்டேன்.

"மதினி, மேல ஏறுங்க. வெட்டணும்."

"வெட்டு காளி. நானா வேணாங்கிறேன்?"

"நீங்க அடியில உக்காந்திருந்தா எப்படி வெட்டுறது?"

"உங்கண்ணன் அடியில நின்னப்ப வெட்டத் தெரிஞ்சுச்சுல்ல?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது அவருக்கு. மண்ணைப் பார்த்துக்கொண்டே, "அவன் ஒரே பிள்ளை மதினி. அண்ணன் இல்லாத வீட்டுல, கேட்டதச் செய்யாம எப்படி?" என்றார். மேலேயிருந்து செல்லம், "செய்யிங்க, செய்யிங்க. அடுத்த வருசம் உங்க பேரையும் பொஸ்தகத்துல போடுவாக. அக்கா, ஏறாம அங்கிட்டே இருங்க, சோத்த இங்கயே கொண்டாந்துர்றேன்" என்றாள். சொன்னபடி கொண்டும் வந்தாள். மூன்று நாள் விடிந்ததும் போய் உட்கார்ந்தேன், பொழுது சாய ஏறி வந்தேன். வெட்ட முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், நாலாம் நாள் உன் சித்தப்பா நேர்ச்சுவரை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் வழக்கம்போல் படி வைத்து இறங்க ஆரம்பித்தார். சும்மா கிடக்கிற கைக்கு அவருக்கு வேறு வேலை தெரியாது.

எனக்கும் வேறு வேலை இல்லை. அவர் வெட்டிவிட்ட படிகளை ஈச்சங்குச்சத்தால் கூட்டிவிட்டேன். மேல் படியில் நொறுங்கல். அடுத்த படியில் பொடிமட்டி, படி முழுக்க அது ஒன்றேதான், சிந்தின அரிசி மாதிரி. அதற்கடுத்த படியைக் கூட்டினபோது கையை எடுத்துவிட்டேன். மட்டியெல்லாம் வரிசையாக, வாயை மேலே வைத்து, மண்ணுக்குள் குத்திட்டபடியே இருந்தன. நடுவில் ஊரி ஊர்ந்த மேனிக்குக் கிடந்தது. ஒரு பெரிய மட்டியின் முதுகில் குட்டிச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதே தெரிந்தது. உன் அப்பா வெட்டிய சுவரை நான் எட்டு நாள் பார்த்தவள். அதில் தெரிந்தது வெறும் விளிம்பு. அறுத்துப் போட்ட மாதிரி ஓட்டின் விளிம்பு மட்டும். படியில்தான் அதுகள் இருந்த இருப்பு தெரிகிறது. உன் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அண்ணன் இதத்தானே வச்சுத் தாரேன்னு சொன்னாரு" என்றார்.

ஆமாம், இதைத்தான் சொன்னார். உன் பேராசிரியருக்கு வேண்டியது எல்லாம் அவர் முதலில் தருவதாகச் சொன்ன படியிலேயே இருந்தது. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்க விடவில்லை. போட்டோ ஒரே நேர்கோட்டில் விழாது, அவ்வளவுதான். அந்த ஒரு கோட்டுக்காக அவரைக் கொடுத்தோம்.

படிகளைக் கூட்டிக் கீற்றுப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். தை மாதம் வா, அவரையும் கூட்டிக்கொண்டு வா. வருகிறவருக்கு நான் சோறு போடுவேன், மரியாதைக் குறைவாக ஒரு சொல் வராது. படியில் அவர் உட்கார்ந்து பார்க்கலாம், அளக்கலாம், பை பையாக எடுத்துக்கொண்டு போகலாம். பார்த்துவிட்டு, இல்லை, சுவர்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், சித்தப்பாவைக் கூப்பிடாதே. அவர் வரமாட்டார், செல்லம் தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். மண்வெட்டியை நான் எடுத்துத் தருகிறேன். மேலே நின்று நீயே வெட்டு. நேராகவே வெட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு வெட்டு. நான் அடியில் உட்கார்ந்திருப்பேன்.